மூன்று மாத பாலிசியும் ஜூன் 29ஆம் தேதியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கடிதத்தின் சாரம்: கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருந்தவர். லே-ஆஃபில் 2026 ஏப்ரல் 17 கடைசி வேலை நாள் ஆகிவிட்டது. கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஏப்ரல் 30 வரை மட்டும். வாசகி எச்-4 (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா), வேலை செய்ய அனுமதி இல்லை. வயது 34, நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை எடுக்கிறார். கணவருக்கு 38, பிரஷர் மாத்திரை உண்டு. அங்கேயே பிறந்த நான்கு வயது மகனுக்கு வீசிங் இருப்பதால் தினமும் இன்ஹேலர். பழைய கம்பெனி இன்ஷூரன்ஸைச் சொந்தச் செலவில் தொடர வழிசெய்யும் கோப்ரா என்ற ஏற்பாட்டின்படி, மே 11 தேதியிட்டு வந்த கடிதம் மாதம் 2,140 டாலர் கேட்கிறது. வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்ததோ 420 டாலர்தான். விலை பார்க்கலாம் என்று ஓர் இணையதளத்தில் போன் நம்பர் கொடுத்ததும் அழைப்பு மேல் அழைப்பு. அவர்களில் ஒரு ஏஜென்ட், மூன்று பேருக்கும் சேர்த்து மாதம் 289 டாலருக்கு ஒரு பாலிசி சொல்கிறார்: பிபிஓ, எந்த டாக்டரிடமும் போகலாம், 10 லட்சம் டாலர் வரை கவரேஜ், இன்றே சேர்ந்தால்தான் இந்த விலை. "இதை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டு, வேலை கிடைக்காவிட்டால் அப்புறம் ஒபாமாகேரில் சேரலாமா? விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஊருக்கே திரும்பிவிடவும் யோசனை இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "இந்த மாதம் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. டென்ஷனாகவும் இருக்கலாம், டெஸ்ட் எடுக்கவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இன்றைக்கே வீட்டில் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். கர்ப்பம் என்று உறுதியானால், பிரசவம் ஜனவரி நடுவில் வரும். ஏஜென்ட் சொல்லும் அந்த 289 டாலர் பாலிசி குறுகிய கால இன்ஷூரன்ஸ் வகை. இவ்வகை பாலிசிகளில் பெரும்பாலானவை பிரசவச் செலவைத் தருவதில்லை. விண்ணப்பத்திலேயே "குடும்பத்தில் யாராவது கர்ப்பமா?" என்று கேட்பார்கள், ஆம் என்றால் மறுப்பார்கள். தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதினால், பின்னால் பாலிசியையே ரத்து செய்ய அது காரணமாகிவிடும்.

டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் என் பதில் மாறாது. அந்த பாலிசி உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். அது எதையெல்லாம் தராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் நாட்களில் நீங்கள் தவறவிடப்போகும் ஒரு தேதி.

"அப்புறம் சேரலாம்" என்பதில் உள்ள தவறு

வேலையோடு வந்த இன்ஷூரன்ஸ் போனால், மார்க்கெட்பிளேஸில் (தனிநபர்கள் இன்ஷூரன்ஸ் வாங்க அரசு நடத்தும் சந்தை; நாம் ஒபாமாகேர் என்கிறோமே, அதுதான்) சேர 60 நாள் சிறப்பு அவகாசம் உண்டு. உங்கள் கவரேஜ் ஏப்ரல் 30இல் முடிந்தது. ஆக ஜூன் 29 கடைசி நாள். அதற்குள் பிளான் தேர்ந்தெடுக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பர் 1இல் தொடங்கும் பொதுச் சேர்க்கைதான்; அதில் சேர்ந்தால் கவரேஜ் 2027 ஜனவரி 1 முதல்.

மூன்று மாத பாலிசி முடியும்போது "இன்ஷூரன்ஸ் போய்விட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று போய் நின்றால், மார்க்கெட்பிளேஸ் அதை ஏற்காது. சட்டத்தின் கணக்கில் குறுகிய கால பாலிசி முழுமையான கவரேஜே இல்லை; அதனால் அது முடிவதைக் 'கவரேஜ் இழப்பு' என்று எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்பமாக இருப்பதும் ஃபெடரல் மார்க்கெட்பிளேஸில் சிறப்பு அவகாசத்துக்கான காரணம் ஆகாது; குழந்தை பிறந்தால்தான் ஆகும். ஆகஸ்டில் பாலிசி முடிந்து, வேலையும் அமையாமல், நீங்கள் கர்ப்பமாகவும் இருந்தால் டிசம்பர் 31 வரை கையில் ஒன்றும் இருக்காது. ஏஜென்ட் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

"10 லட்சம் டாலர் கவரேஜ்" என்றால் என்ன

அவர் அனுப்பிய இரண்டு பக்க பிரசுரத்தின் வரிகளை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) 5,000. அதன் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி 70 சதவீதம், நீங்கள் 30. ஆஸ்பத்திரி அறை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,000. சர்ஜன் கட்டணம் 2,500 வரை. தியேட்டர் செலவு 2,500 வரை. எமர்ஜென்சி அறை 500. மருந்துக்கு 'டிஸ்கவுன்ட் கார்டு'.

குடல்வால் ஆபரேஷன் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நாள் தங்கல், மொத்த பில் 40,000 டாலர் என்று வையுங்கள். அறைக்கு 3,000, சர்ஜனுக்கு 2,500, தியேட்டருக்கு 2,500, எமர்ஜென்சிக்கு 500. பாலிசி கணக்கில் எடுத்துக்கொள்ளும் தொகை 8,500 மட்டுமே. இதில் டிடக்டிபிள் 5,000 உங்களுடையது. மீதி 3,500இல் 70 சதவீதம், அதாவது 2,450 டாலரைக் கம்பெனி தரும். மீதி 37,550 உங்கள் தலையில். 10 லட்சம் என்பது உச்சவரம்பு. ஒவ்வொரு செலவுக்கும் போட்டிருக்கும் சின்னச் சின்ன வரம்புகள் உங்களை அதன் பக்கத்திலேயே போகவிடாது.

இதே ஆபரேஷனை மார்க்கெட்பிளேஸ் பிளானில், நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளிடம்) செய்துகொண்டால், 2026இல் ஒருவர் தன் கையிலிருந்து கட்டக்கூடிய உச்சம் 10,600 டாலர். குடும்பம் முழுவதற்கும் 21,200. விலை குறைந்த 'வெண்கல' (Bronze) வகை பிளானுக்கும் இதே சட்ட வரம்புதான். 10,600 சின்னத் தொகை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் போகாது என்று தெரிந்தால், ஆஸ்பத்திரியோடு தவணை பேசியாவது அடைக்கலாம்.

இன்னொன்று: நெட்வொர்க்கில் இல்லாத டாக்டர் எமர்ஜென்சியில் பார்த்துவிட்டுத் தனியாகப் பெரிய பில் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறுகிய கால பாலிசி வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "எந்த டாக்டரிடமும் போகலாம்" என்ற பேச்சு இங்கேதான் உதைக்கும். போகலாம்தான், அவர் கேட்கும் மீதிப் பணத்துக்கு வரம்பு இருக்காது.

பழைய நோய் என்றால் டாக்டர் சொன்னது மட்டுமா?

"எங்களுக்குப் பெரிய வியாதி ஒன்றும் இல்லை, தைராய்டும் பிரஷரும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2010இல் வந்த சட்டத்தின்படி முழுமையான பிளான்கள் 2014 முதல் பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ அதிக பிரீமியம் கேட்கவோ முடியாது. குறுகிய கால பாலிசிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவற்றில் பழைய நோய்க்கான விளக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கடந்த இத்தனை ஆண்டுகளில் (பாலிசியைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வரை) சிகிச்சையோ ஆலோசனையோ மருந்தோ பெற்ற எதுவும், அதோடு, சாதாரண அறிவுள்ள ஒருவர் டாக்டரிடம் போயிருக்க வேண்டிய அறிகுறி இருந்த எதுவும். இந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து. பிப்ரவரியில் நெஞ்செரிச்சல் என்று மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டிருந்து, ஜூலையில் பித்தப்பைக் கல் என்று தெரிந்தால், அதையும் பழைய நோய் என்று எழுதி மறுக்க அந்த வரி இடம் கொடுக்கும்.

இதைச் சேரும்போது யாரும் ஆராய மாட்டார்கள். பத்து நிமிடத்தில் பாலிசி கையில் வந்துவிடும். பெரிய கிளெய்ம் போட்ட பிறகுதான் பழைய மருத்துவப் பதிவுகளை வரவழைத்துப் பார்ப்பார்கள். மகனுக்கு ஜூலையில் வீசிங் அதிகமாகி எமர்ஜென்சிக்குப் போனால், அவனுடைய இன்ஹேலர் சீட்டே மறுப்புக்குப் போதுமான சான்று. நோய்க்கு முதல் 5 நாளும் புற்றுநோய்க்கு முதல் 30 நாளும் கவரேஜ் கிடையாது என்ற காத்திருப்பு விதியும் பல பாலிசிகளில் உண்டு. உங்கள் பிரசுரத்திலும் அடிக்குறிப்பில் இருக்கிறது.

விசாவில் இருப்பவருக்குக் கிடைக்காதா?

கிடைக்கும். நண்பர்கள் சொன்னது தவறு. சட்டப்படி தங்கியிருக்கும் எச்-1பி, எச்-4 குடும்பங்கள் மார்க்கெட்பிளேஸில் பிளான் வாங்கலாம். ஆனால் உங்கள் கணவருக்கு விசாவின் 60 நாள் அவகாசம் வேலை முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஏப்ரல் 17இலிருந்து எண்ணினால் ஜூன் 16. அதற்குள் புதிய கம்பெனி எச்-1பி மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். ஆகவே இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தை ஜூன் 29 வரை இழுக்காதீர்கள். ஜூன் 16க்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்தைக் குறைக்க அரசு தரும் வரிச் சலுகை தனிக் கதை. 2025 முடிவில் கூடுதல் மானியம் காலாவதியானதால், 2026க்கு மூன்று பேர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,06,600 டாலருக்கு மேல் போனால் சலுகையே இல்லை. உங்கள் கணக்கு: ஏப்ரல் 17 வரை சம்பளம் சுமார் 39,000, செவரன்ஸ் (வேலை போகும்போது கம்பெனி தந்த தொகை) 22,000, ஆக 61,000. அதே 11,000 டாலர் சம்பளத்தில் செப்டம்பர் 1 வேலையில் சேர்ந்தால் ஆண்டு முடிவில் 1,05,000, வரம்புக்குள் இருக்கும். ஆகஸ்ட் 1 சேர்ந்தால் 1,16,000. அப்போது மாதாமாதம் வாங்கிய சலுகை முழுவதையும் வரிக் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு இப்படித் திருப்பிக் கட்டும் தொகைக்குப் பலருக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் யாருக்கும் இல்லை. அதனால் என் யோசனை: சலுகையை முன்கூட்டி வாங்காமலோ கொஞ்சம் மட்டும் வாங்கியோ பிரீமியத்தைக் கட்டுங்கள், தகுதி நிலைத்தால் அடுத்த ஆண்டு வரிக் கணக்கில் மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். புதிய வேலையில் 401(கே) என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் வரிக்கு முந்தைய பணமாகப் போடுவது வருமானக் கணக்கைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2027 ஜனவரி முதல் எச்-1பி, எச்-4 விசாக்காரர்களுக்கு இந்தச் சலுகை அறவே கிடையாது. முழு விலையில் வாங்கும் உரிமை மட்டும் இருக்கும்.

அரசு உதவி வாங்கினால் பின்னால் கிரீன் கார்டுக்குப் பாதகமாகுமோ என்ற பயம் பற்றி: சொந்தப் பணத்தில் முழு விலைக்கு பிளான் வாங்குவதால் எந்தச் சிக்கலும் இல்லை. 2022 விதியின்படி மார்க்கெட்பிளேஸ் வரிச் சலுகையும் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆனால் அந்த விதியை நீக்க அரசு 2025 நவம்பரில் முன்மொழிந்திருக்கிறது. எனவே சலுகை வாங்கும் முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்கக் குடிமகன். வீட்டில் இப்போது வருமானம் இல்லாததால், அவனுக்கு மட்டும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கெய்டோ, குழந்தைகளுக்கான சிப் திட்டமோ கிடைக்கலாம்; அதற்கு வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கேள்வியையும் அதே வழக்கறிஞரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

கோப்ரா கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள்

2,140 டாலர் என்பது கம்பெனி உங்களுக்காக இத்தனை நாள் கட்டிய பங்கையும் சேர்த்த முழு பிரீமியம், அதோடு 2 சதவீத நிர்வாகக் கட்டணம். உடனே கட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பயந்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. கவரேஜ் போன நாள், கடிதத் தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாள் அவகாசம்; உங்களுக்கு ஜூலை 10. சம்மதம் சொன்ன பிறகு முதல் பணம் கட்ட மேலும் 45 நாள். சம்மதித்தால் கவரேஜ் மே 1இலிருந்தே பின்தேதியிட்டு வரும்.

இதன் பொருள், இந்த மே மாதத்தில் நீங்கள் நினைப்பது போலக் கவரேஜே இல்லாமல் இல்லை. நாளைக்கே மகனை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலும், ஜூலை 10க்குள் கோப்ராவை எடுத்து மே மாதப் பிரீமியத்தைக் கட்டி அந்த பில்லை அதில் சேர்க்கலாம். இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. ஆஸ்பத்திரிக் கணினி அப்போது "கவரேஜ் இல்லை" என்று காட்டும். கோப்ரா முடிவாகவில்லை என்று சொல்லி, பில்லைப் பிறகு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து, நடுவில் ஒரு மாதத்தை விட்டுவிட்டு அடுத்த மாதத்தை மட்டும் வாங்க முடியாது. மே 1இலிருந்து தொடர்ச்சியாகக் கட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: கோப்ராவை மூன்று பேரும் சேர்ந்து எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் மட்டும், அல்லது மகன் மட்டும் எடுக்கலாம். அதற்குத் தனிநபர் கட்டணம்தான். கம்பெனியின் நிர்வாகியிடம் அந்த விலையை எழுத்தில் கேளுங்கள். ஜனவரியிலிருந்து டிடக்டிபிளில் பெரும்பகுதியைக் கட்டி முடித்த ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்குக் கோப்ராவே லாபமாக இருக்கலாம். மார்க்கெட்பிளேஸில் டிடக்டிபிள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இனி செய்ய வேண்டியது

மார்க்கெட்பிளேஸின் ஹெல்த்கேர்.கவ் (healthcare.gov) தளத்தில் கணவர் பெயரில் விண்ணப்பியுங்கள். அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருப்பதால் அடையாளச் சரிபார்ப்பு எளிதாக முடியும். உங்களுக்கு அந்த எண் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தில் உங்களைச் சேர்க்கலாம். தளம் எங்காவது நின்றுவிட்டால் 1-800-318-2596 என்ற எண்ணில் போனிலேயே முடிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இன்ஷூரன்ஸ் முடிந்த தேதி அச்சிட்ட கடிதம், மூவரின் பாஸ்போர்ட், உங்கள் இருவரின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (விசா நிலைக்கான ஒப்புதல் கடிதம்) எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கவரேஜ் போனதற்கான சான்றை, பிளான் தேர்ந்தெடுத்த 30 நாளுக்குள் அனுப்பச் சொல்வார்கள். கர்ப்பமா என்ற கேள்வி அங்கேயும் வரும்; ஆம் என்று எழுதினாலும் பிரீமியம் ஒரு டாலர்கூட ஏறாது.

டெக்சாஸில் மார்க்கெட்பிளேஸ் பிளான்கள் பெரும்பாலும் எச்எம்ஓ, இபிஓ வகை; எமர்ஜென்சி தவிர, நெட்வொர்க்குக்குள் இருப்பவர்களிடம் மட்டுமே போக முடியும். நெட்வொர்க் குறுகியது, இது உண்மையான குறை. பிளானை முடிவு செய்யும் முன் மகனின் டாக்டர், நீங்கள் பிரசவத்துக்குப் போக நினைக்கும் ஆஸ்பத்திரி, இன்ஹேலரின் சரியான பெயர் மூன்றையும் பட்டியலில் தேடிப் பாருங்கள். முதல் பிரீமியம் கட்டும்வரை கவரேஜ் தொடங்காது. பிளானைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

ஊருக்குத் திரும்புவது என்று ஜூன் முதல் வாரத்திலேயே உறுதியானால் எதையும் வாங்காமல், கோப்ரா அவகாசத்தையே காப்பாக வைத்துக்கொண்டு கிளம்பலாம். குறுகிய கால பாலிசிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாத்திரை எதுவும் எடுக்காத, தனியாக இருக்கும் இளைஞர், 60 நாளையும் தவறவிட்டவர், புதிய கம்பெனி இன்ஷூரன்ஸ் தொடங்க ஐந்தாறு வாரம் இருக்கிறது என்றால், விபத்துக்கு மட்டுமாவது இருக்கட்டும் என்று அதை எடுப்பதில் தவறில்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் அதுவும் கிடைக்காது.

அந்த ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால், பணம் கட்டும் முன் முழு பாலிசி ஆவணத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள், பிரசுரம் போதாது. "இது சட்டப்படி மினிமம் எசென்ஷியல் கவரேஜா (சட்டம் முழுமையானது என்று ஏற்கும் கவரேஜா), ஆமா இல்லையா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். சுற்றி வளைத்தால் போனை வைத்துவிடுங்கள். முழுமையான இன்ஷூரன்ஸ் என்று நம்பவைத்து ஒன்றுக்கும் உதவாத பிளான்களை விற்றதற்காக ஃபுளோரிடாவின் சிம்பிள் ஹெல்த் நிறுவனத்தின் மீது 2018இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது, 2024இல் 19.5 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கார்டு நம்பரை மட்டும் போனில் கொடுத்துவிடாதீர்கள்.

மே மாதத்துக்குள் பிளானைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஜூன் 1 முதல் கவரேஜ். ஜூனில் தேர்ந்தெடுத்தால் ஜூலை 1 முதல்தான். மே 31 ஞாயிற்றுக்கிழமை. எனவே 29, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கப் பாருங்கள். அதற்கு முன், மகனின் இன்ஹேலர் பின்பக்கத்தில் எண் காட்டும் சின்னச் சாளரம் இருந்தால் அதைப் பாருங்கள். ஜூன் 1 வரை டோஸ் வராது போலிருந்தால், இப்போதே மருந்துக்கடையில் ரொக்க விலைக்கு ஒன்று வாங்கி, ரசீதைக் கோப்ரா கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். கோப்ரா எடுக்க நேர்ந்தால் அந்தப் பணத்தையும் கேட்கலாம்.